சர்வில் ஸ்பின் எங்கிருந்து வருகிறது: டேபிள் டென்னிஸ் தொடங்குவோருக்கு

பந்து மெதுவாகத்தான் வருகிறது. மட்டையை நேராகக் காட்டினால் திருப்பிவிடலாம் என்று தோன்றுகிறது. காட்டுகிறீர்கள். பந்து மட்டையில் பட்டதும் சரேலென்று இறங்கி வலையின் அடியில் விழுகிறது. அடுத்த சர்வும் அதே கை அசைவில் வருகிறது. இந்த முறை மட்டையைச் சற்று மல்லாத்திப் பிடிக்கிறீர்கள். பந்து எம்பி மேலே போகிறது, எதிராளி ஓங்கி அடித்துப் புள்ளியை எடுத்துக்கொள்கிறார். முதல் பந்தில் கனமான பேக் ஸ்பின், அதாவது பின்னோக்கிய சுழற்சி, இருந்தது, இரண்டாவதில் ஸ்பின்னே இல்லை. நடந்தது அவ்வளவுதான். இந்த இரண்டு சர்வையும் போடக் கற்றுக்கொண்டாலே தொடக்க நிலை ஆட்டங்களில் பெரிய வித்தியாசம் தெரியும்.

ஸ்பின்னைப் பற்றி முதலில் மனதில் பதிக்க வேண்டிய விதி ஒன்றுதான்: சர்வ் போட்ட மட்டை பந்தை எந்தத் திசையில் உரசியதோ, அதே திசையில்தான் பந்து எதிராளியின் மட்டையில் பட்டதும் தாவும். கீழ்நோக்கி உரசியிருந்தால் (பேக் ஸ்பின்) கீழே இறங்கும். மேல்நோக்கி என்றால் (டாப் ஸ்பின்) மேலே ஏறும். உங்கள் வலமிருந்து இடமாக உரசினால் (சைடு ஸ்பின்) உங்கள் இடப்பக்கம் பாயும்.

காரணம் எளிது. பந்தின் பின்பக்கத்தை, அதாவது உங்களைப் பார்த்த பக்கத்தை, மட்டை கீழே இழுக்கிறது. அப்போது எதிராளியைப் பார்த்த முன்பக்கம் மேல்நோக்கி ஓடத் தொடங்கும். அந்த முன்பக்கம்தான் அவர் மட்டையின் ரப்பரில் போய் மோதுகிறது. மேல்நோக்கி ஓடும் பரப்பை ரப்பர் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது. அந்தப் பிடிப்பு பந்தைக் கீழே தள்ளுகிறது. டாப் ஸ்பின்னிலும் சைடு ஸ்பின்னிலும் இதே கதைதான், திசை மட்டும் மாறுகிறது.

மேசையில் படும்போதும் ஸ்பின் வேலை செய்கிறது. பேக் ஸ்பின் பந்தின் அடிப்பக்கம் முன்னோக்கி ஓடுவதால் மேசை அதற்கு பிரேக் போடுகிறது, பந்து தயங்கும். டாப் ஸ்பின் பந்து மேசையில் பட்டதும் முன்னே பாயும். காற்றில் பார்த்தால் டாப் ஸ்பின் பந்து சீக்கிரம் இறங்கும், பேக் ஸ்பின் பந்து சற்று மிதக்கும். ஆனாலும் சர்வ் குறுகிய தூரம் மெதுவாகப் போகிற பந்து என்பதால், எதிராளியின் ரப்பரில் நடப்பதுதான் அவரை அதிகம் ஏமாற்றும்.

அடிப்பதும் உரசுவதும்

பந்தின் எடை 2.7 கிராம், விட்டம் 40 மி.மீ. மட்டை பந்தின் மையத்தை நோக்கிப் போனால் பந்துக்கு வேகம் கிடைக்கும். மையத்தைத் தவிர்த்து ஓரத்தைத் தழுவிக்கொண்டு போனால் சுழற்சி கிடைக்கும். மட்டையின் வேகத்தை இந்த இரண்டுக்கும் எப்படிப் பங்கிடுகிறீர்கள் என்பதில்தான் ஸ்பின் சர்வ் இருக்கிறது. கை வேகமாகப் போக வேண்டும், பந்து மெதுவாகப் போக வேண்டும். புதியவர்களுக்கு முதலில் குழப்பம் தருவது இதுதான்: வேகமாக வீசினால் பந்து மேசையைத் தாண்டிவிடும் என்று பயந்து கையை மெதுவாக்குகிறார்கள். கை மெதுவானதும் ஸ்பின் செத்துவிடுகிறது.

எவ்வளவு வேகம் வேண்டும்? பந்தின் சுற்றளவு ஏறத்தாழ 12.5 செ.மீ. நொடிக்கு 30 முறை சுழலும் பந்தின் மேற்பரப்பு நொடிக்குச் சுமார் 3.8 மீட்டர் ஓடுகிறது. உரசும் கணத்தில் மட்டையின் அந்த இடமும் குறைந்தது அந்த வேகத்திலாவது போக வேண்டும். தோளும் முழங்கையும் மட்டும் அசைந்தால் இது கடினம். கடைசி நொடியில் மணிக்கட்டைச் சொடுக்கினால் மட்டையின் முனை மிக வேகமாக நகரும். அதனால்தான் கனமான ஸ்பின் வேண்டும்போது பந்தை மட்டையின் நடுவிலிருந்து முனைப்பக்கம் சற்றுத் தள்ளி வாங்குகிறார்கள். கைப்பிடிக்கு அருகில் உள்ள பகுதி மெதுவாகவே நகரும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஸ்பின் இல்லாத சர்வுக்கு இது தேவைப்படும்.

சரியாக உரசினீர்களா என்பதைக் காது சொல்லிவிடும். பந்து பலகைவரை அழுந்தினால் ‘டக்’ என்ற மரச்சத்தம் வரும். மேல் ரப்பரில் மட்டும் உரசிப் போனால் சத்தம் ஏறக்குறைய இருக்காது, மெல்லிய ‘ஸ்ஸ்’ மட்டும் கேட்கும். பந்தின் மேல் அச்சிட்ட முத்திரையையும் கவனியுங்கள். ஸ்பின் குறைவாக இருந்தால் முத்திரை உருளுவது கண்ணுக்குத் தெரியும். நன்றாகச் சுழன்றால் அது கரைந்து வெறும் மங்கலாகிவிடும். பந்தின் நடுவே அழியாத மார்க்கரால் ஒரு வட்டக்கோடு போட்டுக்கொண்டால் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம்.

மட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. ரப்பரின் வெளிப்பக்கம் வழவழப்பாகவும் முட்கள் (சிறு புடைப்புகள்) உட்பக்கமாகவும் இருக்கும் வகை பந்தைப் பிடிக்கும். முட்கள் வெளியே தெரியும் வகையில் ஸ்பின் குறைவாகவே ஏறும். ரப்பரை விரலால் தடவிப் பாருங்கள். விரல் தடையில்லாமல் வழுக்கினால் பந்தும் அப்படித்தான் வழுக்கும். தூசியும் வியர்வையும் படிந்திருந்தால் ஈரப் பஞ்சால் துடைத்துக் காயவிட்டு மறுபடி பாருங்கள். துடைத்த பிறகும் வழுக்கினால் ரப்பர் தேய்ந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பயிற்சி செய்வது வீண், கை செய்யும் நல்ல வேலையைக்கூட அது காட்டாது.

விதிக்குள் நின்று டாஸ் போடுவது

சர்வ் பழகும் முன் டாஸை, அதாவது பந்தை மேலே எறிவதை, சரிசெய்துகொள்ளுங்கள். தவறான டாஸோடு கை பழகிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. பந்து விரித்த உள்ளங்கையில் அசையாமல் இருக்க வேண்டும். விரல்களால் பிடிக்கக் கூடாது, கிண்ணம்போல் குவிக்கவும் கூடாது. அங்கிருந்து ஏறத்தாழ நேர் மேலே, சுழற்சி கொடுக்காமல், குறைந்தது 16 செ.மீ. எழும்ப வேண்டும். இறங்கி வரும்போதுதான் அடிக்க வேண்டும். தொடக்கத்திலிருந்து அடிக்கும்வரை பந்து மேசை மட்டத்துக்கு மேலேயும் கடைக்கோட்டுக்குப் பின்னேயும் இருக்க வேண்டும், எதிராளியின் கண்ணுக்கு மறையக் கூடாது. டாஸ் போட்டதும் அந்தக் கையைப் பந்துக்கும் வலைக்கும் இடையிலிருந்து விலக்கிவிட வேண்டும்.

மறைத்துப் போடும் சர்வுக்கு 2002இல் தடை வந்தது. அதற்கு முந்தைய ஆட்டங்களின் பதிவுகளைப் பார்த்துச் சர்வ் பழகினால் அது இன்று ஃபால்ட் (விதி மீறிய சர்வ்) ஆகலாம். 2000ஆம் ஆண்டில் பந்து 38 மி.மீ.யிலிருந்து 40 மி.மீ.க்குப் பெரிதானதும் ஸ்பின்னைக் குறைத்தது. அந்தக் காலத்து வீரர்களின் பந்து வளைந்த அளவுக்கு உங்கள் பந்து வளையவில்லை என்று சோர்ந்துபோக வேண்டாம்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. டாஸ் போட்ட பிறகு பந்தை அடிக்காமல் விட்டால் மறு வாய்ப்பு இல்லை, புள்ளி எதிராளிக்குப் போய்விடும். டாஸ் கோணலாகப் போனாலும் அடித்தாக வேண்டும். ஆகவே தினமும் முதல் சில நிமிடங்களை வெறும் டாஸுக்குக் கொடுங்கள்: 20 முதல் 30 செ.மீ. உயரம் போட்டு, மட்டையைத் தொடாமல், பந்து அதே உள்ளங்கைக்குத் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். பத்தில் ஒன்பது திரும்பி வந்தால் மட்டையை எடுக்கலாம். உயரமான டாஸில் விழும் பந்தின் வேகமும் ஸ்பின்னுக்கு உதவும் என்பது உண்மைதான். ஆனால் 16 செ.மீ. விழ 0.18 நொடி, ஒரு மீட்டர் விழ 0.45 நொடி. உயரம் கூடக் கூடப் பந்து வேகமாக வந்து விழும், உரச வேண்டிய கணத்தைப் பிடிப்பது கடினமாகும். அந்த ஆசையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

முதலில் தரையில்

மேசை இல்லாமலே தொடங்கலாம், சொல்லப்போனால் மேசை இல்லாமல் தொடங்குவதே நல்லது. வலையைத் தாண்ட வேண்டுமே என்ற கவலை இல்லாதபோதுதான் கை துணிந்து உரசும். காலியான, சமமான தரையில் நில்லுங்கள். டாஸ் போட்டு, மட்டையை ஏறத்தாழ கிடைமட்டமாக மல்லாத்தி, பந்தின் அடிப்பக்கத்தை முன்னோக்கிச் சீவுங்கள். பந்து ஒன்றிரண்டு மீட்டர் முன்னால் விழுந்து, தயங்கி, உங்களை நோக்கித் திரும்பி உருண்டு வர வேண்டும். வரவில்லையென்றால் அடித்திருக்கிறீர்கள், உரசவில்லை. வளைந்து வந்தால் மட்டை நேராகப் போகாமல் பக்கவாட்டில் இழுத்திருக்கிறது.

எந்த இடத்தில் தொட வேண்டும் என்பதைக் கடிகார முகமாக நினைத்துக்கொள்ளலாம். பந்தைப் பக்கவாட்டிலிருந்து பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் பக்கம் 3 மணி, அடிப்பக்கம் 6 மணி. 3 மணியில் தொட்டால் தட்டையான அடி. பேக் ஸ்பின்னுக்கு 5 மணிப் பக்கம் தொடத் தொடங்கி 6ஐ நோக்கி வழித்துக்கொண்டு போக வேண்டும். மட்டை பந்துக்கு அடியில் நுழைந்து போவதுபோல் இருக்கும்.

பிடியைத் தளர்த்துங்கள். இறுக்கிப் பிடித்த கையில் மணிக்கட்டு அசையாது. ஃபோர்ஹேண்ட் (உள்ளங்கை முன்னே பார்க்க அடிக்கும்) சர்வுக்குப் பலரும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பலகையைக் கவ்விப் பிடித்து, மற்ற மூன்று விரல்களைக் கைப்பிடியிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். அப்போது மணிக்கட்டுக்கு இரண்டு பக்கமும் நல்ல வீச்சு கிடைக்கும். நனைந்த கையை உதறும்போது விரல் நுனியிலிருந்து நீர் தெறிக்கும் அல்லவா, அந்த உதறல்தான் வேண்டும்: வீச்சு சிறியது, முடிவு சடாரென்று. பந்தைத் தொடும் கணத்தில் விரல்கள் இறுகி, உடனே மறுபடி தளர வேண்டும்.

பத்தில் ஏழு எட்டு பந்து திரும்பி உருளும்வரை தரையிலேயே இருங்கள். சிலருக்கு ஒரு நாள் போதும், சிலருக்கு இரண்டு வாரம் ஆகும்.

மேசைக்கு வந்தபின்

மேசையில் முதல் தலைவலி உயரம். மேசையின் மேல் 30 செ.மீ. உயரத்திலிருந்து விட்ட பந்து சுமார் 23 செ.மீ. எழும்ப வேண்டும் என்பது மேசைக்கான விதி. அதாவது நான்கில் மூன்று பங்கு உயரம் திரும்பி வரும். வலையின் உயரம் 15.25 செ.மீ. நெஞ்சு உயரத்தில் பந்தைத் தொட்டால் அது வலையைவிட வெகு உயரமாக எழும்பி எதிராளிக்குப் பரிசாகிவிடும். மேசைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில், 20 செ.மீ. அளவில், தொட்டால் வலையை ஒட்டிப் போகும். இதற்கு முழங்காலை மடித்து உடம்பைத் தாழ்த்த வேண்டும், பந்து இறங்கி வரும்வரை பொறுத்திருக்கவும் வேண்டும். அவசரப்படும் கை எப்போதும் மேலேயே தொட்டுவிடும். வலைக்கு மேலே 10 செ.மீ. உயரத்தில் ஒரு நூலைக் கட்டி, அதற்கும் வலைக்கும் இடையே பந்தை அனுப்பிப் பழகினால் உயரம் தானாக அடங்கும்.

அடுத்தது நீளம். உங்கள் பக்கத்து மேசை 1.37 மீட்டர். குட்டையான சர்வ் வேண்டுமானால் முதல் துள்ளல் உங்கள் பாதியின் நடுவிலோ வலைக்குச் சற்று நெருங்கியோ விழ வேண்டும். எதிராளி தொடாமல் விட்டால் அவர் பக்கத்தில் இரண்டு முறையாவது துள்ளும் சர்வுதான் குட்டை சர்வ். அதை அவரால் கை வீசி லூப் (கனமான டாப் ஸ்பின் கொடுத்து அடிக்கும் அடி) செய்ய முடியாது, மேசை இடிக்கும். வேகமான நீள சர்வ் இதற்கு நேர்மாறு: முதல் துள்ளல் உங்கள் கடைக்கோட்டிலிருந்து ஒரு சாணுக்குள், இரண்டாவது அவர் கடைக்கோட்டிலிருந்து ஒரு சாணுக்குள். தொடக்க நிலையில் இடையில் விழும் சர்வைத் தவிர்ப்பது நல்லது.

ஸ்பின் மிகுந்த பேக் ஸ்பின் சர்வ் எதிராளி பக்கத்தில் துள்ளி வலையை நோக்கித் திரும்பி வரும். பார்க்க அழகாக இருக்கும், நண்பர்கள் கைதட்டுவார்கள். உரசல் சரியா என்று அளக்க இது நல்ல அளவுகோல், அந்த அளவில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும் அளவுக்குப் போடும் பந்து பெரும்பாலும் மெதுவாகவும் சற்று உயரமாகவும் இருக்கும், கொஞ்சம் அனுபவம் உள்ளவர் காத்திருந்து தட்டிவிடுவார். ஆட்டத்தில் அதே உரசலோடு சிறிது முன்வேகமும் சேர்ந்து தாழ்வாகப் போகும் சர்வே நல்லது.

தவறும் இடங்கள் பெரும்பாலும் சிலவே. பந்து உயரமாகப் போகிறது என்றால் தொடும் இடம் உயரம், அல்லது உரசி முடித்ததும் மட்டை மேலே தூக்குகிறது. பந்து நீளமாகப் போகிறது என்றால் மட்டை போதுமான அளவு மல்லாந்திருக்கவில்லை, உரசலில் அடி கலந்துவிட்டது. பந்து மட்டையில் வழுக்கிக் காலடியில் விழுகிறது என்றால் உரசல் மிக மெலிது, அல்லது ரப்பரில் தூசி. இந்தக் கடைசித் தவறைக் கண்டு கலங்க வேண்டாம், மெலிதாகத் தொடத் துணிந்ததற்கு அது அடையாளம். எல்லாம் சரியாக இருந்தும் ஸ்பின் இல்லையென்றால் நூற்றுக்குத் தொண்ணூறு காரணம் ஒன்றுதான்: பெரிய பின்வீச்சு எடுத்துவிட்டு, பந்தை நெருங்கும்போது கை பயந்து வேகத்தைக் குறைக்கிறது. பின்வீச்சைப் பாதியாக்குங்கள். உள்ள வேகம் முழுவதும் தொடும் கணத்தில் செலவாகட்டும்.

ஸ்பின் இல்லாத சர்வ்

பேக் ஸ்பின் கைவந்ததும் அடுத்து சைடு ஸ்பின்னுக்கு ஓடாதீர்கள். ஸ்பின் இல்லாத சர்வைப் பழகுங்கள். ஒன்றின் மதிப்பு மற்றொன்றால்தான் ஏறுகிறது. எதிராளி உங்கள் பேக் ஸ்பின்னை இரண்டு முறை வலையில் விட்டபின் மட்டையை நன்றாக மல்லாத்தி புஷ் செய்ய, அதாவது பந்தின் அடியில் நுழைத்துத் தள்ள, தயாராவார். அப்போது ஸ்பின் இல்லாத பந்து வந்தால் அவர் புஷ் எம்பி நிற்கும்.

இரண்டுக்கும் டாஸ், பின்வீச்சு, வேகம் எல்லாம் ஒன்றாகவே இருக்க வேண்டும். மாறுவது தொடும் இடம் மட்டும். கனமான ஸ்பின்னுக்கு முனைப்பக்கம் உரசினீர்கள். இப்போது பந்தைக் கைப்பிடிக்கு அருகில் வாங்கி, உரசாமல் மெல்ல முன்னே தள்ளுங்கள். மணிக்கட்டின் சொடுக்கைப் பந்து போன பிறகு செய்யுங்கள், எதிராளியின் கண் அதைத்தான் பார்க்கும். இங்கே பலர் செய்யும் பிழை, ஸ்பின் இல்லாத சர்வுக்குக் கையை மெதுவாக்குவது. அந்த மெதுவே எதிராளிக்குச் செய்தி சொல்லிவிடும்.

சைடு ஸ்பின்னுக்குக் கடிகார ஊசல்போல் முன்கை ஆடும் பெண்டுலம் அசைவில், மட்டையின் முனை தரையைப் பார்க்க, பந்தின் பின்பக்கத்தைப் பக்கவாட்டில் வழிக்க வேண்டும். வலது கைக்காரர் வலமிருந்து இடமாக வழித்தால் பந்து காற்றில் அவருடைய வலப்பக்கம் வளையும், எதிராளியின் மட்டையில் பட்டதும் இடப்பக்கம் பாயும். வளைவும் பாய்ச்சலும் எதிரெதிர்த் திசையில் இருப்பதால்தான் புதியவர்கள் இதில் திணறுகிறார்கள். உங்களுக்கு இப்படி ஒரு சர்வ் வந்தால் முதலில் சொன்ன விதியை நினைத்துக்கொள்ளுங்கள்: எதிராளியின் மட்டை எந்தப் பக்கத்திலிருந்து கிளம்பியதோ அந்தப் பக்கம் நோக்கித் திருப்புங்கள்.

பயிற்சிக்கு 40, 50 பந்து உள்ள பெட்டி ஒன்று இருந்தால் நல்லது, இல்லையென்றால் பத்து பந்து போதும். நாளுக்கு 20 நிமிடம் போதுமானது. படபடவென்று போட்டுத் தள்ளாமல் ஒவ்வொன்றுக்கும் முன் நின்று, மூச்சு விட்டு, எந்த ஸ்பின், எங்கே விழ வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுப் போடுங்கள். ஆட்டத்தில் தொடர்ந்து இரண்டு சர்வ்தான் கிடைக்கும், 10-10க்குப் பிறகு ஒன்றுதான். ஆகவே பயிற்சியிலும் ஒரே சர்வை இருபது முறை போட்டபின், இரண்டிரண்டாக மாற்றிப் போடுங்கள்: ஒன்று பேக் ஸ்பின், ஒன்று ஸ்பின் இல்லாதது. எதிர்ப்புறம் ஒரு தாளை வைத்து அதில் பட்டவற்றை எண்ணுங்கள். ஒவ்வொரு சர்வ் முடிந்ததும் ஓரடி பின்னே வந்து தயாராக நின்றுவிட வேண்டும், அதுவும் சர்வின் பகுதிதான்.

தனியாகப் பழகும்போது தெரியாத ஒன்றை ஒரு துணை காட்டித்தருவார். அவரை எதிரே நிறுத்தி, மட்டையை நேர்செங்குத்தாகப் பிடித்து அசையாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். அவர் அடிக்கக் கூடாது, மட்டையைத் திருப்பவும் கூடாது. பத்து சர்வ் போடுங்கள். பேக் ஸ்பின் என்று நீங்கள் நினைத்துப் போட்டது அவர் மட்டையிலிருந்து எவ்வளவு கீழே இறங்குகிறது என்று பாருங்கள். மேசையில் பட்டு வலையின் அடியில் முட்டினால் கனமான ஸ்பின். வலையின் நடுவில் பட்டால் பாதி. வலையைத் தாண்டி உங்களிடமே வந்தால் அது ஸ்பின் இல்லாத சர்வ், நீங்கள் என்ன நினைத்துப் போட்டிருந்தாலும் சரி. இடமோ வலமோ விலகினால், எந்தப் பக்கம் எத்தனை விரற்கடை என்று குறித்துக்கொண்டு, அடுத்த பத்தில் மட்டையின் பாதையை அந்த அளவுக்கு நேராக்குங்கள்.